மரத்தடியில் இடது பக்கம்

குருவுக்கு வயது முப்பத்துமூன்று. சீடருக்கு ஐம்பத்தாறு. இப்படியும் ஒரு கூத்து உண்டா என்று கேட்காதீர்கள், சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் உண்டு.

குரு செல்வமேரி, வளாகத்துக்குள் பேட்டரி வண்டி ஓட்டுகிறவள். வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. சீடர் எத்திராஜ், அதே வளாகத்தின் மெயின் கேட்டில் இருபது வருடம் செக்யூரிட்டியாக நின்றவர். "நின்னது போதும், இனிமே உட்கார்ந்தே போறேன்" என்று வண்டி வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்கு வண்டி பழக்குவது செல்வமேரியின் பொறுப்பு.

அவளை அவர் "வாத்தியாரம்மா" என்பார். பாதி மரியாதை, பாதி கிண்டல்.

"வண்டியை நீ கத்துக்கொடும்மா. வழியை நான் உனக்குக் கத்துத் தரேன்."

"தாங்கண்ணே. எனக்கு இன்னும் பார்த்துப் பார்த்துத்தான் போக வருது."

"நான் கண்ணை மூடிக்கிட்டே போவேன்!"

செல்வமேரி சிரித்தாள்.

கலந்தாய்வு நாள் வந்தது. அப்பப்பா, என்ன கூட்டம்! ஒன்பது மணிக்கே கேட்டில் திருவிழா. பெட்டியும் ஃபைலுமாகப் பிள்ளைகள், தண்ணீர் பாட்டிலோடு பெற்றோர். எத்திராஜுக்கு ஒரே குஷி. வண்டியில் எட்டுப் பேர் ஏறியாயிற்று. செல்வமேரி பின்னால் ஒரு அம்மாவைக் கைபிடித்து ஏற்றிக்கொண்டிருந்தாள்.

அப்போது மூச்சிரைக்க ஒரு பெண் ஓடிவந்தாள்.

"சார், எம்.எஸ்சி. தாவரவியல் கலந்தாய்வு எங்கே சார்? பத்து மணிக்கு. செயங்கொண்டத்துல ராத்திரி பஸ் ஏறினேன். கிளாம்பாக்கத்துல இறங்கி ரெண்டு பஸ் மாறி வரேன்."

"பேரு என்னம்மா?"

"பூங்கோதை சார்."

"வண்டிக்கு நிக்காதே பூங்கோதை, நடந்தா அஞ்சே நிமிஷம். நேராப் போ. தூங்குமூஞ்சி மரத்தடியில இடது பக்கம் திரும்பு. மூணாவது கட்டிடம்."

"மரம், இடது பக்கம், மூணாவது" என்று ஒப்பித்துவிட்டு அவள் ஓடினாள். எத்திராஜ் மீசையைத் தடவிக்கொண்டார்.

நூலகம், அலுவலகம் என்று சுற்றி ஆட்களை இறக்கிவிட்டு, அவர்கள் கலந்தாய்வுக் கட்டிடத்துக்கு வந்தபோது பத்து அடித்திருந்தது. மைக்கில் குரல் கேட்டது.

"பூங்கோதை, செயங்கொண்டம். முதல் அழைப்பு."

யாரும் எழவில்லை. எத்திராஜ் கூட்டத்துக்குள் தலையை நுழைத்துத் தேடினார். காணோம். வாசலில் நின்ற ஊழியரைப் பிடித்தார்.

"வரலைன்னா என்ன ஆகும்?"

"மூணு தடவை கூப்பிடுவோம். இல்லைன்னா அந்த சீட் அடுத்த ஆளுக்கு."

அவர் வண்டிக்கு ஓடிவந்தார்.

"நீங்க என்ன வழி சொன்னீங்க?" என்று கேட்டாள் செல்வமேரி.

"சரியாத்தான் சொன்னேன். மரத்தடியில இடது பக்கம்."

"எந்த மரம்ணே?"

"என்னம்மா இப்படிக் கேக்கற? அந்த முனையில..." கை நீட்டியவர் அப்படியே நின்றார்.

முனையில் மரம் இல்லை. போன வருடப் புயலிலேயே சாய்ந்துவிட்டது. அறுத்து லாரியில் ஏற்றியபோது இதே எத்திராஜ்தான் கேட்டைத் திறந்துவிட்டார். ஆனாலும் பழைய ஆட்களுக்கு அது இன்றைக்கும் மரத்தடிதான். கேண்டீனில் கேட்டால் கூட "மரத்தடிக்கு ரெண்டு டீ" என்பார்கள்.

"நான் வந்ததுல இருந்து அங்க மரமே பார்த்ததில்லைண்ணே" என்றாள் செல்வமேரி.

"ஐயோ, அந்தப் பொண்ணை இப்ப எங்கேன்னு தேடுவேன்?"

"தேட வேண்டாம். நீங்க சொன்ன வழியிலயே போங்க."

எத்திராஜ் வண்டியை விரட்டினார். வெட்டவெளியாய்க் கிடந்த முனையைத் தாண்டினார். மைதானம் போயிற்று, ஹாஸ்டல் போயிற்று. வளாகத்தின் கடைசியில், மதில் ஓரமாக, ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. இடது பக்கம் திரும்பினார். ஒன்று, இரண்டு, மூன்று.

மூன்றாவது கட்டிடம் பூட்டிக்கிடந்த மோட்டார் ரூம். அதன் படியில், மடியில் ஃபைலோடு பூங்கோதை உட்கார்ந்திருந்தாள்.

"சார்! இன்னும் கதவே திறக்கலை சார்."

"இவ்வளவு தூரம் ஏம்மா வந்தே?"

"நீங்கதானே சொன்னீங்க? வழியில புங்கம் இருந்துச்சு, வேம்பு இருந்துச்சு. தூங்குமூஞ்சி இதுதான் சார் முதல்ல வந்துச்சு."

"ஏறும்மா, ஏறு!" என்றார் எத்திராஜ்.

அந்த வண்டி அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஓடியதில்லை. செல்வமேரி கம்பியைப் பிடித்துக்கொண்டு "வழி, வழி!" என்று கத்தினாள். பேராசிரியர் ஒருவர் புல்வெளிக்குத் துள்ளி ஒதுங்கினார். அவர்கள் வாசலை எட்டும்போது மைக் சொல்லிக்கொண்டிருந்தது.

"பூங்கோதை, செயங்கொண்டம். மூன்றாவது..."

"இருக்கேன் சார்!" என்று அவள் வண்டி நிற்குமுன் குதித்து ஓடினாள்.

கால் மணி நேரம் எத்திராஜ் இருக்கையில் இருப்புக்கொள்ளாமல் தவித்தார். பிறகு கதவு திறந்தது. பூங்கோதை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"கிடைச்சிருச்சு சார்! உங்களாலதான் சார்!"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக வந்தால் மனுஷன் எங்கே பார்ப்பான்?

அவள் போன பிறகு மெதுவாகக் கேட்டார்.

"வாத்தியாரம்மா, இருபது வருஷம் ஒருத்தருக்கும் நான் தப்பா வழி சொன்னதில்லை. இன்னிக்கு எப்படித் தப்பாச்சு?"

இந்த முறை கிண்டல் இல்லை.

செல்வமேரி வண்டியை எடுத்தாள். அந்த முனைக்கு வந்து நிறுத்தினாள்.

"இறங்குங்கண்ணே."

இறங்கினார். வெயில் மண்டையைப் பிளந்தது.

"கேட்ல இப்ப நிக்கிற பசங்களுக்கு வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தது யாரு?"

"நான்தான்."

"காலையில இருந்து அவங்க என்ன சொல்லிக்கிட்டிருப்பாங்க?"

"மரத்தடியில இடது..." என்று ஆரம்பித்த எத்திராஜ் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

கேட் பக்கமிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்துகொண்டிருந்தார்கள். இருவரும் அண்ணாந்து பார்த்தபடியே வந்தார்கள்.

செல்வமேரி வண்டியைக் கிளப்பினாள். "கேட் பசங்களுக்குப் போன்ல சொல்லிடலாம்ணே. ஏற்கெனவே கிளம்பி வர்றவங்களுக்கு இங்க யாராவது வேணும்."

எத்திராஜ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முனையின் நடுவில் போய் நின்றார். இடது கையை நீட்டினார்.

"எவ்வளவு நேரம் நிக்கணும், வாத்தியாரம்மா?"

"மரம் அப்படிக் கேட்டுச்சாண்ணே?"