தர்மியாவுக்கு எத்தனை அப்பா?

இடிக் கடவுள் தெசூப்பைக் கும்பிட்ட ஹுர்ரியர் சீமையிலே, ரொம்பக் காலத்துக்கு முந்தி, அகிப்தி என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். ராஜா என்றால் அப்படியொரு ராஜா! காலையில் அவருடைய குதிரை ஒழுங்காகத் தீனி தின்றால் ஊருக்கே விருந்து. முகத்தைத் திருப்பிக்கொண்டதோ, அன்றைக்கு யார் தலையாவது உருளும். இப்படிப்பட்டவரிடம் மந்திரியாக இருந்து எக்லியா எப்படித்தான் காலம் தள்ளினாரோ! புத்தி கூர்மையானவர்தான், ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி.

அந்த நாட்டில் ஒரு வேடிக்கையான வழக்கம். நிலத்தை விற்கக் கூடாது. தகப்பன் நிலம் மகனுக்குத்தான். அப்படியானால் நிலத்துக்கு ஆசைப்பட்டவன் என்ன செய்வான்? சுவீகாரம் போய்விடுவான்! சாட்சிகளுக்கு முன்னால் நிலத்துக்காரர் தன் மேல்துணியின் ஓரத்தை ஈரக் களிமண்ணில் அழுத்தினால் போதும், வந்தவன் மகன், நிலம் அவன் கைக்கு. இந்த வழியில் தர்மியா என்கிற பிரபு ஊர் ஊராக அப்பா பிடித்து வைத்திருந்தான். அதில் ஒரு அப்பாவுக்காவது ஒரு வாய்க் கஞ்சி ஊற்றினானா என்று மட்டும் கேட்காதீர்கள்.

கடைசியாக மாட்டியவர் ஹனையா என்கிற கிழவர். ஆற்றோரம் அருமையான புல்வெளி வைத்திருந்தார். காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தவரின் துணியை தர்மியாவே இழுத்துக் களிமண்ணில் அழுத்திவிட்டான். கூலிக்கு வந்த சாட்சிகளும் தலையாட்டிவிட்டார்கள். கிழவர் பிழைத்தெழுந்து அரசவைக்கு வந்து ஓவென்று அழுதார்.

எக்லியாவுக்கு மனசு கேட்கவில்லை. "பெரியவர் பொய் சொல்கிறவர் இல்லை அரசே" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான், ஐயோ வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று உறைத்தது.

மந்திரி நாற்காலிமேல் எத்தனை நாள் கண் தர்மியாவுக்கு! "அப்படியானால் நதியே தீர்ப்புச் சொல்லட்டுமே அரசே! கிழவர் வெள்ளத்தில் இறங்கட்டும், பரிந்து பேசிய மந்திரியும் கூடவே இறங்கட்டும். உண்மை என்றால் நதி கரையேற்றும். பொய் என்றால் கொண்டுபோகும்."

அன்றைக்குப் பார்த்தா குதிரை முகத்தைத் திருப்ப வேண்டும்? ராஜா கைதட்டினார். "பேஷ்! இப்போதே கிளம்புங்கள்!"

எக்லியாவுக்கோ நீச்சல் சுத்தமாகத் தெரியாது. மலைப்பனி உருகி, ஆறு செக்கச்செவேலென்று இரு கரையும் முட்டி ஓடுகிற சமயம் அது. வழி நெடுக ஏதாவது யோசனை வருமா என்று மண்டையை உடைத்துக்கொண்டார். ஒன்றும் வரவில்லை, தண்ணீர் இரைச்சல்தான் கிட்டே கிட்டே வந்தது.

"என்னால உங்களுக்கும் இந்தக் கதியா ஐயா" என்று கிழவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேசாமல் வாரும் பெரியவரே, எனக்கே நாக்கு வறண்டு போச்சு."

கரையில் ஊரே கூடியிருந்தது. தர்மியாவின் பழைய அப்பாக்களும் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும் தர்மியாவுக்கு ஜம்பம் தலைக்கேறிவிட்டது. ஹனையாவின் தோளைத் தொட்டு, ஊர் கேட்கச் சொன்னான்: "அப்பா, பார்த்து இறங்குங்கள், வழுக்கும்!"

அந்த 'அப்பா' காதில் விழுந்ததும் எக்லியா நிமிர்ந்தார்.

"அரசே, ஒரே ஒரு சந்தேகம்."

"இன்னும் என்ன இழுவை?"

"இந்தப் பெரியவர் தர்மியாவுக்கு யார்?"

"இதென்ன கேள்வி!" என்று தர்மியா முந்திக்கொண்டான். "தெசூப் ஆணையாக என் அப்பா! நான் அவர் பிள்ளை!"

"தகப்பனுக்கு உடம்பு தள்ளாமல் போனால் அரண்மனை ஊழியத்துக்கு யார் வருவார் அரசே?"

"மகன்."

"போருக்கு?"

"மகன்தான்."

"நதிக்கு?"

ராஜா திறந்த வாயை மூடவில்லை. கோபமா, சிரிப்பா?

"அட! அதுவும் மகன்தானே!" என்றார் ராஜா. "தர்மியா, அங்கியைக் கழற்று!"

"அரசே, நான் இந்த வழக்கில் எதிராளி! எனக்கெதிரான வழக்குக்கு நானே இறங்குவதா?"

"பிள்ளையும் நீதானே? இப்போதுதானே ஆணையிட்டாய்!"

எக்லியா மெதுவாகச் சொன்னார்: "நானும் கூட இறங்குகிறேன் பிரபு. நீங்கள் கரையேறினால் பெரியவர் சொன்னது உண்மை, புல்வெளி அவருக்கு. ஏறாவிட்டால் உங்களுக்குப் புல்வெளி எதற்கு?"

தர்மியா பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்புக் கச்சையை அவிழ்த்தான். ஒரு காலைத் தண்ணீரில் வைத்தான். எக்லியாவுக்கு உயிரே போய்விட்டது. ஐயையோ, வீம்புக்காரன் குதித்துத் தொலைப்பான் போலிருக்கிறதே! இவன் குதித்தால் நானும் குதிக்க வேண்டுமே! அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய மரம் வெள்ளத்தில் உருண்டு வந்து, சுழியில் சிக்கி, அவன் கண்ணெதிரே உள்ளே போனது. அப்புறம் எழும்பவே இல்லை.

தர்மியா துள்ளிக் கரையேறினான். "இவர் என் அப்பா இல்லை! இல்லவே இல்லை!"

சாட்சிக்கு நாலு பேர் இருக்க, மகன் வாயால் இதைச் சொல்லிவிட்டால் அந்த நாட்டில் சுவீகாரம் முறிந்தது, நிலமும் திரும்பிவிடும்.

"கேட்டீர்களா?" என்றார் ராஜா.

"கேட்டோம்!" என்றது ஊர்.

கூட்டத்திலிருந்து ஒரு ஆட்டுக்காரர் முன்னால் வந்தார். "அரசே, எனக்கும் இந்த ஆள்மேல் வழக்கு உண்டு. எனக்கு முழங்கால் வலி, என் பிள்ளை தர்மியாவை அனுப்பறேன்."

"என் வழக்குக்கும் அவனே இறங்கட்டும்" என்றார் கண் மங்கிய குயவர் ஒருவர். அடேயப்பா, அதற்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது!

"நீரும் என் அப்பா இல்லை... நீரும் இல்லை..." தொண்டை கட்டும்வரை தர்மியா கத்தினான். அவன் ஒவ்வொரு தடவை கத்தும்போதும் ஒரு குடும்பம் ஆனந்தக் கண்ணீர் விட்டது.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "பலே எக்லியா! என்ன வேண்டும், கேள்!"

"இனிமேல் ஒருவரை நதியில் இறங்கு என்று சொல்கிறவர், முதலில் தாமே ஒரு முழுக்குப் போட்டுவிட்டுச் சொல்லட்டும் அரசே."

கூட வந்திருந்த சபையார் ஓரடி பின்வாங்கினார்கள். இறங்கச் சொன்னவர் ராஜா அல்லவா! ராஜாவின் சிரிப்பு நின்றது. செருப்பைக் கழற்றினார். கால்விரலைத் தண்ணீரில் வைத்தார். வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டார்.

"இதிலேயா உன்னை இறங்கச் சொன்னேன்?" என்று கேட்டார்.

எக்லியா அப்படியே மணலில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டார். ராஜாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றோடு அந்த நாட்டில் நதித் தீர்ப்பு ஒழிந்தது.