பூநாரை அட்ஜஸ்ட் பண்ணின கதை

பொய்யா? ஏன்டா வளவா, உன்கிட்ட பொய் சொல்லி எனக்கு என்னடா ஆகப்போவுது? அட்ஜஸ்ட்டுன்னா இங்கிலீஷ்ல சரிபண்றதாம், போன்ல போட்டிருக்காம். பஸ்ல நகர்ந்து இடம் குடுக்குறதுக்கு நாமதான் தப்பாச் சொல்றோமாம். ஒரு தப்பும் இல்ல. அந்த வார்த்தை இங்க எப்படி வந்து எறங்குச்சுன்னு உன் போனுக்குத் தெரியாது. கேளு.

அந்தக் காலத்துல, மிருகமும் பறவையும் நம்மளவிட வாயாடிக்கிட்டுக் கெடந்த காலத்துல, சீமையிலேர்ந்து ஒரு பூநாரை கோடியக்கரைக்கு வந்துச்சு. நெட்டைக் காலு, நெட்டைக் கழுத்து, ரோஸ் றெக்கை. பொழுதன்னைக்கும் அந்த றெக்கையைக் கோதுறதுதான் வேலை. என் நாத்தனா புஷ்பவல்லி மாதிரின்னு வச்சுக்க. அவ புடவை மடிப்பு சரியா விழுற வரைக்கும் ஊரே நிக்கணும். ஒருதரம் அவளால பஸ்ஸை விட்டு, மாட்டுவண்டி புடிச்சுக் கல்யாணத்துக்குப் போனா, தாலி கட்டி, பந்தியும் முடிஞ்சு, எங்களுக்கு வெறும் ரசம்தான்... சரி, அது கெடக்கட்டும். எங்க விட்டேன்? ஆங், றெக்கை. "என்னம்மா பண்றே?"ன்னு யாரு கேட்டாலும் "அட்ஜஸ்ட் பண்றேன்"ம்பா பூநாரை. கோணலாக் கெடக்குறதை நேராக்குறதுக்கு அவ ஊர்ல அதான் பேரு. நீ சொன்ன அதே அர்த்தம்தான், போதுமா?

அந்த ஐப்பசியில வந்துச்சு பாரு ஒரு புயல்! கடலும் மழையும் ஒண்ணாச் சேர்ந்து ஊரை முழுங்கிருச்சு. ஒரே ஒரு மணல்மேடுதான் மிச்சம். அதுல வெளிமான் காலை நீட்டிப் படுத்திருக்கான். நரி வாலை விரிச்சுப் போட்டிருக்கான். ஓரத்துல பூநாரைக்கு ரெண்டு பாதம் வைக்கத்தான் இடம். பறந்து போவ வேண்டியதுதானேன்னு கேக்காதே. றெக்கை ஊறிப்போச்சு. தண்ணியில நிக்கலாம்னா, அவ நெட்டைக் காலுக்கே எட்டாத ஆழம்.

அப்ப ஒரு தாழம்மட்டை மெதந்து வருது. அதுல ஒரு வயலெலி. அவ வயித்துக்கடியில கண்ணு தொறக்காத குஞ்சுங்க. மட்டை ஊறி ஊறி முங்கிக்கிட்டே வருது.

"மான் அண்ணே, கொஞ்சம் இடம் விடுங்க. புள்ளைங்க முங்கிடும்."

"எனக்கே இங்க முதுகு ஒடியுது. நரிகிட்ட கேளு."

"வாயேன், என் வாயில வேணா இடம் இருக்கு"ன்னு சிரிச்சான் நரி.

எலி அழல. பூநாரையை நிமிந்து பார்த்தா. "அக்கா, ஒங்க ஒரு பாதம் இருக்குற இடம் போதும் எனக்கு."

பூநாரை அப்பவும் றெக்கையைத்தான் கோதிக்கிட்டு இருந்தா. கோதுறதை நிறுத்தினா. றெக்கை அழகா, நேரா இருக்கு. கீழ குஞ்சுங்க வாய்க்குள்ள தண்ணி போவுது. 'அடச்சீ, சரிபண்ண வேண்டியதை விட்டுட்டு எதைச் சரிபண்ணிக்கிட்டு இருக்கேன்'னு நெனச்சா. ஒரு காலை மடக்கி வயித்தோட தூக்கிக்கிட்டா. "ஏறிக்கம்மா. அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

எலி ஒவ்வொண்ணா வாயில கவ்வி அந்தப் பாதத்தடத்துல வச்சா.

"ஒத்தக்கால் மகாராணி! எம்புட்டு நேரம் நிப்பே?"ன்னு நரி கேலி பண்றான். பூநாரை காலை எறக்கல. காலைக் கீழ வச்சா குஞ்சுங்க கூழாயிடும்ல? மழை விடல. காத்து தள்ளுது. நிக்கிற காலு வெடவெடன்னு நடுங்குது.

"அக்கா, ஆடுறீங்க"ன்னு எலி கத்திட்டா.

வெளிமானுக்கு அதுக்கு மேல படுத்திருக்க முடியல. காலை மடக்கி எந்திரிச்சு ஒட்டி வந்தான். "என் முதுகுல சாஞ்சுக்கம்மா. நானும் அந்த... என்ன சொன்னே? அட்ஜஸ்ட்டு, பண்ணிக்கிறேன்." நரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தான். வாலைச் சுருட்டிக்கிட்டான். "என்னை ஏன் பாக்குறீங்க? எனக்குப் பசியே இல்ல"ன்னான். பொய்தான். ஆனா அன்னைக்கு அந்தப் பொய்யும் ஒரு எடம் குடுத்துச்சு.

விடியக்காலையில காத்து நின்னுச்சு. தண்ணி வடிஞ்சு, ஒரு தாழம்புதர் தலை காட்டுச்சு. அப்பாடின்னு எல்லாரும் மூச்சு விட்டாங்க. எலி குஞ்சுகளை ஒவ்வொண்ணா நக்கிப் பார்த்தா. எல்லாம் நெளியுது, எல்லாம் உசுரோட இருக்கு. பத்திரமா எறக்கிட்டு, "அக்கா, காலைக் கீழ வைங்க. இனி ஒண்ணும் இல்ல"ன்னா.

பூநாரை குனிஞ்சு குனிஞ்சு பார்த்தா. வைக்க மனசு வரல. "இருக்கட்டும்மா. கீழ வேற யாராச்சும் இருந்தா?"ன்னா.

அன்னையிலேர்ந்துதான்டா பூநாரை எந்தத் தண்ணியில எறங்கினாலும் ஒரு காலைத் தூக்கிக்கிட்டு நிக்கிது. நாமளும் யாராச்சும் நிக்கிறதைப் பார்த்தா, இடுப்பை ஒதுக்கி அட்ஜஸ்ட்டுங்குறோம்.

ஏ மங்கை! தூறல் போடுது, மாடியில வத்தல் காயுது பாரு, தட்டோட உள்ள கொண்டா! படியில கோழிக்குஞ்சு கெடக்கும்டி, பார்த்துக் காலை வை.