மல்லிகை மணத்த மாடு

எந்த நாடு, எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். ஒரு ராஜா இருந்தார். அவருக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். அன்றைக்குக் கோபம் வந்ததே மூக்கால்தான்.

"இது மல்லிகையா, அரிசிப் பொரியா?"

பூக்கூடை உருண்டது. பூ புதிது. வெள்ளை வெளேர். மணம் மட்டும் இல்லை. ஒரு மாதமாக இதே கதை.

பூக்களஞ்சிய அதிகாரி வீரசேனர் முன்னால் வந்தார். "மகாராஜா, மாலையில் பறித்த பூ விடியும்வரை என் பூட்டுக்குள் இருக்கிறது. அந்தப் பக்கம் நடமாடும் வெளியாள் ஒருவர்தான்."

அவர் பார்வை அரசவை விகடகவி தத்தன் மேல் நின்றது. பிறகு சபையே அவனை ஒரு மாதிரி பார்த்தது.

"அது நான் வீட்டுக்குப் போகிற வழி, மகாராஜா!"

"தத்தா! அப்படியானால் என் மணத்தைத் தின்ற பிறவியை நாளைக்குக் கயிற்றில் கட்டி இழுத்து வா. தவறினால் அதே கயிறு உன் கழுத்துக்கு!"

தத்தன் வியர்த்து விறுவிறுத்து வீடு வந்தான். மனைவி செங்கமலம் வாசலிலேயே மறித்து முகர்ந்தாள்.

"துண்டுல மல்லிப்பூ வாசனை. யாரு அவ?"

"அடியே, என் கழுத்துக்கே கயிறு வந்திருக்கு..."

"பேச்சை மாத்தாதீங்க!"

தத்தன் துண்டை முகர்ந்தான். அட, மல்லிகையேதான்! வழியில் யாரும் தொடவில்லையே... இல்லை, நக்கியது ஒன்று உண்டு. வீரசேனர் வீட்டு முன்னால் கட்டியிருந்த பசு!

வந்த வழியே திரும்பி ஓடினான்.

"பாருங்க, நான் கேக்கக் கேக்க அவகிட்டயே ஓடுறாரு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள் செங்கமலம்.

மறுநாள் சபைக்குள் ஒரு பசு நுழைந்தது. பின்னாலேயே தத்தன்.

"என்ன கூத்து இது?"

"தங்கள் ஆணைப்படிதான், மகாராஜா. மணத்தைத் தின்ற பிறவியைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்திருக்கிறேன். வாயை முகர்ந்து பாருங்கள்."

ராஜா தயங்கித் தயங்கி முகர்ந்தார். மல்லிகை!

"மாடு எப்படியடா மணத்தைத் தின்னும்?"

"புண்ணாக்கில், மகாராஜா. இதன் தொட்டியில் கிடந்த எள்ளுப் புண்ணாக்கும் இதே மணம்தான். எள்ளையும் பூவையும் மாற்றி மாற்றிப் பரப்பி மூடி வைத்தால், விடிவதற்குள் மணத்தையெல்லாம் எள் இழுத்துக்கொள்ளும். வெறும் பூ தங்களுக்கு. எள் செக்குக்கு. ஆட்டிய வாசனைத் தைலத்தை விற்பதற்காக ஒளித்தவர், மிஞ்சிய புண்ணாக்கை மாட்டுக்கு வைத்துவிட்டார். அவர் யாரென்று நான் ஏன் சொல்ல வேண்டும்? இதோ, கயிற்றை அவிழ்க்கிறேன்."

பசு நேரே நடந்தது. தூண் மறைவுக்கு நழுவிய வீரசேனரின் காதை ஆசையாக நக்கியது.

ராஜா சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். வீரசேனரைக் காவலர்கள் இழுத்துப் போனார்கள்.

"தத்தா, அவன் ஒளித்த தைலம் மொத்தமும் உனக்கே!"

"ஐயோ, வேண்டாம்! அந்த வாசனையோடு போனால் வீட்டில் வேறு கயிறு காத்திருக்கும். மாட்டைக் கொடுங்கள், சாட்சிக்கு."

ராஜா மறுபடி சிரித்து, மாட்டோடு பொற்கிழியும் கொடுத்தார்.

செங்கமலம் மாட்டின் வாயை முகர்ந்தாள். துண்டை முகர்ந்தாள். மறுபடி மாட்டை.

"சரி, இவதான்னே வச்சுக்குவோம். ஆனா நாளையிலருந்து வேற தெரு வழியா வாங்க."