வாலாட்டிக் குருவி உட்கார்ந்த கதை

ஒரு காட்டில், ஓடை வளைந்து திரும்பும் இடத்தில், துள்ளி என்றொரு வாலாட்டிக் குருவி இருந்தது. வாலாட்டிக் குருவியைப் பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளே? நின்றாலும் அதன் வால் ஆடும், நடந்தாலும் ஆடும். பிறவிக் குணம், யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

அந்தத் துள்ளிக்குத்தான் தியானம் பழக ஆசை வந்தது. சும்மா வரவில்லை. போன கோடையில் கூர்மூக்கன் என்கிற காக்கை வந்து, "தங்கச்சி, உன் கூட்டுக்குள்ள பாம்பு நுழையுது" என்றது. துள்ளி பதறியடித்துக்கொண்டு நேரே கூட்டுக்குப் பறந்தது. அங்கே பாம்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கூடு எங்கே என்று தெரியாமல் இருந்த காக்கை, பின்னாலேயே வந்து மூன்று முட்டைகளையும் தின்றுவிட்டது. துள்ளி அழுத அழுகை கொஞ்சமா நஞ்சமா?

இந்தக் கோடையிலும் கல்லிடுக்கில் மூன்று முட்டைகள் இருந்தன. இந்தத் தடவை பதறக் கூடாது என்று துள்ளி முடிவு செய்தது. பக்கத்துப் பாறையில் தினமும் அசையாமல் தியானம் செய்யும் ஓட்டாயி ஆமையிடம் போய்க் கேட்டது.

"மூச்சு உள்ளே போறதையும் வெளியே வர்றதையும் கவனி. அசையாதே. அவ்வளவுதான்" என்றது ஓட்டாயி.

துள்ளி ஓடை நடுவில் ஒரு கல்மேல் உட்கார்ந்தது. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. ஒரு கொசு பறந்தது. மனசும் கொசுவோடு பறந்துவிட்டது. அடடா என்று அதைத் திரும்ப மூச்சிடம் கூட்டி வந்தது. அடுத்து ஒரு தும்பி. மறுபடி கூட்டி வந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று சொல்லி மாளாது.

ஓட்டாயி விழுந்து விழுந்து சிரித்தது. "வாலைப் பாரு. தியானம் பண்ற மூஞ்சியாடி இது?"

துள்ளிக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் மறுநாளும் வந்து உட்கார்ந்தது. அதற்கு மறுநாளும்தான்.

ஒரு காலை வேளையில் கூர்மூக்கன் வந்து மரக்கிளையில் அமர்ந்தது.

"தங்கச்சி, உன் கூட்டுக்குள்ள கீரி நுழையுது. இங்கே என்ன உட்கார்ந்திருக்கே?"

துள்ளியின் இறகு பாதி விரிந்தேவிட்டது. 'ஐயோ, முட்டை' என்று மனசு கூட்டை நோக்கி ஓடியது. துள்ளி அதைக் கூப்பிட்டது, கொசுவின் பின்னால் போனபோது கூப்பிட்டது போலவே. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. அப்போதுதான் கவனித்தது: காக்கை எந்தக் கூட்டையும் பார்க்கவில்லை, துள்ளியின் இறகையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்படியா அண்ணே?" என்றது துள்ளி. "உங்க கண்ணுலதான் பட்டுச்சே, நீங்களே போய் அதை விரட்டிவிட்டு வாங்களேன்."

கூடு எங்கே என்று தெரிந்தால் அல்லவா போவதற்கு? காக்கை அசடு வழிந்தது. பிறகு ஆமையின் பக்கம் திரும்பியது.

"ஓட்டாயி, உன் முட்டைக் குழியை நரி தோண்டுது."

மலைபோல் உட்கார்ந்திருந்த ஓட்டாயி அலறிப் புடைத்துக்கொண்டு பாறையிலிருந்து இறங்கியது. முட்டைகளைப் புதைத்திருந்த மணல்மேட்டை நோக்கி விழுந்தடித்து ஓடியது. காக்கையும் ஓசைப்படாமல் பின்னால் பறந்தது.

"அக்கா, நில்லுங்க" என்றது துள்ளி. "அது பொய் சொல்லுது. நீங்களே அதுக்கு வழி காட்டாதீங்க."

ஓட்டாயி தூக்கிய காலோடு நின்றது. திரும்பிக் காக்கையைப் பார்த்தது. அப்புறம் தலையையும் காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு நடுவழியிலேயே உட்கார்ந்துவிட்டது. உச்சி வெயில்வரை காத்திருந்த கூர்மூக்கன், காய்ந்த வயிற்றோடு பறந்து போயிற்று.

ஓட்டாயி மெல்லத் தலையை நீட்டியது. "தினம் அசையாம உட்கார்ந்தவ நான். இன்னிக்கு ஓடினவளும் நானே. உன் வாலு இப்பவும் ஆடுதேடி."

துள்ளி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. "ஆடட்டும் அக்கா. நான் ஓடலையே."

சில நாளில் மூன்று குஞ்சுகள் பொரிந்தன. இறகு முளைத்ததும் மூன்றும் கல்மேல் வரிசையாக வந்து நின்றன. மூன்றின் வால்களும் ஆடின. துள்ளிக்குப் பெருமை பிடிபடவில்லை.

நீதி: மனம் ஓடுவது குற்றமில்லை, ஓடிய மனத்தைச் சலிக்காமல் திருப்பி அழைக்கப் பழகியவரே ஆபத்தில் நிலைத்து நிற்பார்.