எல்லா மாடிக்கும் ஒரு பொத்தான்

சிரிக்க வைக்கிறேன், சத்தியம். ஆனால் கொஞ்சம் பொறுங்கள், லிஃப்ட் இன்னும் வரவில்லை.

அந்த சாஃப்ட்வேர் ஆபீசில், புரோகிராமில் பிழை தேடும் டீபக்கர் என்ற கருவியில், முந்நூறு கோப்புகளின் சிம்பல் என்ற பெயர்ப்பட்டியல்கள் ஏறவே ஒவ்வொரு தடவையும் அரைமணி ஆனது.

"பிழை லாகின்லதான் சார், அந்தக் கோப்பு மட்டும் ஏத்தினா போதும்," என்றாள் புதுசாகச் சேர்ந்த பூவிழி.

மேனேஜர் தணிகாசலம் உறுமினார். "எல்லாத்தையும் ஏத்து! எது தேவைப்படும்னு யாரு கண்டா? சாயங்காலத்துக்குள்ள பிழை சிக்கலேன்னா உனக்கு வேலை இல்ல!"

மதியம் பன்னிரண்டாம் மாடியிலிருந்து முதலாளி இருவரையும் அவசரமாக அழைத்தார். லிஃப்டில் பூவிழி எல்லாப் பொத்தானையும் அமுக்கினாள்.

"என்னம்மா இது, மாடிக்கு மாடி நிக்குது?"

பூவிழி அவர் குரலிலேயே உறுமினாள். "எது தேவைப்படும்னு யாரு கண்டா?"

"எனக்குப் பன்னிரண்டு மட்டும் போதும்மா!"

ஏழாம் மாடியில் கதவு திறந்து, ஆளே ஏறாமல் மூடியது. தணிகாசலம் பொத்தான்களைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"அடிப்பாவி! சரி, லாகினை மட்டும் ஏத்திக்கோ தாயே!"