விறகு ஏற்றி வரும் படகு

“தாயே, ஆள் பெருகிப் போச்சு. எங்க கஷ்டமெல்லாம் அதுலதான்.”

உப்புத் தீவின் தலைவர் நாவாயப்பர் வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னார். கையில் ஒரு கட்டு விறகு. அந்தத் தீவில் அதைவிடப் பெரிய காணிக்கை கிடையாது.

குடிலில் இருந்த பெண் துறவி கோமளச் சாமிக்கு அவர் மகள் வயசுதான் இருக்கும். ஆனாலும் அவர் பாடம் கேட்பது அவளிடம்தான்.

“ஆள் பெருகினா என்ன ஐயா?”

“சோறு வேணுமே. முன்னெல்லாம் உப்பு ஏத்திப் போற படகு அரிசியோட திரும்பும். பிள்ளைகளுக்குக் கருப்பட்டி வரும். இப்போ விறகு மட்டும்தான் வருது.”

“அத்தனை விறகு எதுக்கு?”

“உப்புக் காய்ச்சத்தான். தாத்தா காலத்துல நாலே குடும்பம், தீவு நிறைய மரம். கடல் தண்ணியைக் கொப்பரையில ஊத்திக் காய்ச்சினாங்க. இப்போ மரமெல்லாம் போச்சு, அக்கரையில வாங்கறோம்.”

“சரி.”

“வாய் கூடினதால அரிசி கூட வேணும். அதுக்காக உப்பைக் கூடக் காய்ச்சறோம். அதுக்கு இன்னும் விறகு. காய்ச்சின உப்பெல்லாம் விறகுக்கே போயிடுது தாயே!”

“என்ன செய்யப் போறீங்க?”

“கடைசியா வந்து சேர்ந்த குடும்பங்களை நாளைக்குப் படகுல ஏத்தி அனுப்பிடலாம்னு…” அவர் குரல் இறங்கியது. “அதுல ஒருத்தி நிறைமாசம். மனசு கேக்கல. அதான் வந்தேன்.”

சாமி அவர் கொண்டுவந்த விறகை அடுப்பில் வைத்துப் பற்றவைத்தாள்.

கஞ்சி வைக்கப் போகிறாளோ? பானையைக் காணோம்.

கடலில் அலசிக் கொண்டுவந்திருந்த ஈரச் சேலையை எடுத்தாள். தீக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏதோ பூஜை போலிருக்கிறது என்று அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். புகை கண்ணைக் கரித்தது. பாதி விறகு எரிந்து போயிற்று.

“இது என்ன பூஜை தாயே?”

“பூஜையா? சேலை காயணும் ஐயா.”

“வெளியில வெயில் மண்டையைப் பிளக்குதே! இதுக்குப் போயி விறகையா எரிப்பாங்க?”

“வெளியில விரிக்கணும்னா ஒருத்தியா எப்படி? கை பத்தாதே.”

“நல்லா இருக்கு போங்க. ஒரு முனையை இப்படிக் கொடுங்க.”

இருவருமாகக் கொண்டுபோய் வெயிலில் விரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சேலை மொடமொடவென்று காய்ந்தது. ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

நாவாயப்பர் குனிந்தார். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

அப்படியே நிமிர்ந்து கடலைப் பார்த்தார். கரையோரமாக, கண்ணுக்கு எட்டிய மட்டும் சும்மா கிடந்த களிமண் தரையைப் பார்த்தார்.

“தாயே… இதுல பூரா பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தணும்னா, ஆள் நிறைய வேணுமே!”

சாமி சேலையை உதறி மடித்தாள்.

“இருக்கிற ஆள் பத்துமா ஐயா?”