சுரங்கத்தின் இந்தப் பக்கம்

“குருவே, ‘எக்ஸிட்’ என்று அடித்துவிட்டேன். வெளியே விட மாட்டேன் என்கிறது.”

திருமலைக்கொழுந்து போனில் இப்படிச் சொன்னதும் ஜெசிந்தா அவர் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

குரு என்பது கேலிப் பெயர். கல்லூரியில் அவளுக்குத் தாவரவியல் நடத்தியவர் அவர். ஒருமுறை தேர்ச்சி தராமல் உட்கார வைத்தவரும் அவரே. ஓய்வுபெற்றபின் கணினி கற்க அவளிடமே போய்ச் சேர்ந்தார்.

“எந்தச் சர்வர், சார்?”

“பூரணியுடையது. மலைமேல் ஆய்வகத்தில்.”

பூரணி அவர் மனைவி. அங்கே விஞ்ஞானியாக இருந்தாள். தை மாதம் இறந்துபோனாள்.

அந்த ஆய்வகத்தின் கணினிகளை ஒரு ஃபயர்வால் காக்கிறது. அதில் நெருப்பும் இல்லை, சுவரும் இல்லை. யாரை உள்ளே விடுவது என்ற கண்டிப்பு மட்டும் உண்டு. அதைத் தாண்டி வீட்டிலிருந்து தன் அறைக் கணினிக்குப் போக பூரணி ஒரு பூட்டிய வழி, எஸ்எஸ்எச் சுரங்கம், போட்டிருந்தாள். கட்டளையால் தோண்டுவது, மண் விழாது. கணவருக்கும் ஒரு சாவி தந்திருந்தாள்.

“இன்று சாயங்காலம் அந்தச் சாவியை அழிக்கப்போகிறார்களாம். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.”

“அப்போ அவங்களே துண்டிச்சிடுவாங்களே, சார்?”

“அவள் திறந்தது. அவர்கள் மூடக் கூடாது. நான்தான் மூடணும்.”

கறுப்புத் திரை. கடைசி வரியில் எக்ஸிட். அதன் கீழே ஒன்றுமில்லை.

“அந்தப் பக்கம் யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், குருவே.”

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்தப் பக்கம் யார் சார் இருக்கா?”

அவர் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

“சுரங்கத்துக்குள்ளே யாராவது இருந்தா அது மூடாது. அவங்க வெளியே வரட்டும்னு காத்திருக்கும். பாடத்திலே சொன்னேனே.”

“தூங்கியிருப்பேன்.”

“பரவாயில்லை. உங்க வகுப்பிலே நானும் தூங்கினவதான்.”

இரண்டு விசைகளை அழுத்தினாள். ஒரே ஒரு வரி வந்தது.

“ஒருத்தர்தான் உள்ளே இருக்கார். எங்கேயிருந்து வந்தவர்னு வாசிங்க.”

வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

“இந்தக் கணினியிலிருந்து.”

அவள் கறுப்புத் திரையை ஒதுக்கினாள். அதன் பின்னால் பிரவுசர் திறந்திருந்தது. வெள்ளைப் பக்கம், நடுவே ஓர் எண்.

“இது என்ன சார்?”

“அவள் அறையின் வெப்பநிலை. சுரங்கம் வழியாக வருகிறது. கருவிகளுக்காக வைத்தது.”

“எப்போ திறந்தீங்க?”

“மூடினதே இல்லை.”

“இப்போ எவ்வளவு?”

“பதினாறு.”

“அது குளிரா?”

“எனக்கு ஒன்றும் செய்யாது. அவளுக்குக் குளிரும்.”

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

ஜெசிந்தா மடிக்கணினியை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

எண் பதினைந்து ஆகும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பக்கத்தை மூடினார்.

கறுப்புத் திரை உடனே அவரை வெளியே விட்டுவிட்டது.